மாடத்தில் மூன்றாம் பாகம்

ஜப்பானின் ஒகயாமாவில் ஷியோரியின் வீட்டுப் பாயில் மண்டியிட்டு உட்கார்ந்ததில் கோஹெய்க்குக் கால் மரத்துவிட்டது. பெண் கேட்டு வந்தவனிடம் அவளுடைய அப்பா சம்பளத்தைக்கூட விசாரிக்கவில்லை.

"'வெள்ளிவாள்' கேம் ஆடுவீங்களா, தம்பி?"

"சின்ன வயசிலேர்ந்து ஆடுறேன், சார்."

"ரெண்டாம் பாகம், மூணாம் பாகம். எது ஒசத்தி?"

கோஹெய்க்குப் பிடித்தது இரண்டாம் பாகம்தான். வாயைத் திறக்கப் போனபோது மூலையிலிருந்த மாடம் கண்ணில் பட்டது. அதில் மூன்றாம் பாகத்தின் பெட்டி. முன்னால் ஒரு கிண்ணம் சோறு, புகையும் ஊதுபத்தி. மனுஷன் கும்பிடவே செய்கிறார்.

"மூணுதான், சார். ரெண்டாம் பாகத்துல குகை குகையா நடந்தே உயிர் போயிடும். மூணுல டிராகன் மேல ஏறிப் பறக்கலாம்."

ஷியோரி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏன் கோஹெய், நம்ம ஊர்ல வீட்டு மாடத்துல சோறு வச்சு ஊதுபத்தி யாருக்கு ஏத்துவாங்க?"

"செத்துப்போனவங்களுக்கு..." அவன் குரல் இறங்கிவிட்டது.

அப்பா பெருமூச்சு விட்டார். "டிராகனைக் கொண்டுவந்து நல்ல விளையாட்டைக் கொன்னுட்டானுங்க. இன்னிக்கு ஒன்பதாம் வருஷத் திதி. வந்ததுக்கு ஒரு பத்தி ஏத்திட்டுப் போங்க, தம்பி."