அரைப்புள்ளி

என் மனைவி உமையாளின் விலை நூற்றிருபத்தைந்து ரூபாய். கோயில் கணக்குப்பிள்ளை சாத்தையா அதை எண்ணி என் பக்கம் தள்ளினார். எங்கள் குலக்கோயில் பேரேட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. வருஷ வரி இருநூற்றைம்பது. ஒருவர் போய்விட்டால் மிஞ்சியவர் அரைப்புள்ளி, வரியும் பாதி. அவள் போய் நாற்பது நாள். நான் வழக்கம்போல முழு வரியை நீட்டியிருந்தேன்.

"முழுசா வச்சுக்க சாத்தையா. பழையபடி ஒரு புள்ளின்னே எழுது."

"வாழ்நாள் பூரா விலையைக் குறைச்சே கேட்ட ஆளு, இன்னைக்கு ஏத்திக் கேக்குறீகளே அண்ணே!"

"ஐந்நூறு தாறேன்."

"ஆயிரம் குடுத்தாலும் அரைதான்."

"ஆயிரத்து ஐந்நூறு."

சிரிக்கத் தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பேரேட்டைத் திருப்பிக் காட்டினார். பாட்டனார், அவருக்குக் கீழே அப்பச்சி, அப்பச்சிக்குக் கீழே நான். எங்களுக்குப் பிள்ளையில்லை, எனக்குக் கீழே வெறும் தாள். என் பெயருக்கு எதிரே இருந்த 'ஒன்று' என்பதை அடித்து, 'அரை' என்று எழுதினார்.

மீதியை எடுக்காமல் எழுந்தேன். வாசலில் செருப்பை மாட்டும்போது கூப்பிட்டார்.

"கணக்கு இடிக்குதுண்ணே. இதை யார் பேருல வரவு வைக்க?"

"உமையாள் பேருல வை."

அவர் பக்கங்களைப் புரட்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

"பொம்பளைக பேரு இதுல எங்கயும் இல்லையேண்ணே."

நாற்பத்தொரு வருஷம் வரி கட்டியவன், ஒரு தடவைகூட அதைக் கவனித்ததில்லை. அன்றைய கணக்கு நூற்றிருபத்தைந்து ரூபாய் கூடுதலாக முடிந்தது: பெயரில்லாத வரவு.