நுரைக்குள் வளையல்கள்

கட்டுகஸ்தோட்டை கிளினிக் வாசலில், கொரோனாவுக்காக வைத்த குழாயடியில் தர்ஷிகா நிற்கிறாள். ஏழு மாத வயிறு தொட்டி விளிம்பில் இடிக்கிறது. இரண்டு கைகளிலும் நேற்றைய வளைகாப்பின் கண்ணாடி வளையல்கள். “அதைக் கழட்டிட்டுக் கழுவுங்க. எத்தனை பேர் கை பட்டதோ,” என்கிறார் மருத்துவிச்சி, முகக்கவசத்துக்குள்ளிருந்து. “பிள்ளை பொறக்கிற வரைக்கும் கழட்டக்கூடாதே, மிஸ்ஸி.” மருத்துவிச்சி கொஞ்சம் யோசிக்கிறார். “அப்ப வளையலுக்கும் சவுக்காரம் போடுங்க. இருபது எண்ணுங்க.” தர்ஷிகா எண்ணத் தொடங்குகிறாள். நுரைக்குள் பச்சையும் சிவப்பும் காலை வெயிலில் மின்ன, வளையல்கள் ஒன்றோடொன்று உரசிக் கலகலக்கின்றன. தள்ளித் தள்ளிப் போட்ட கதிரைகளில் இருக்கும் கர்ப்பிணிகள் திரும்பிப் பார்க்கிறார்கள். சத்தம் கேட்டோ என்னவோ, உள்ளே பிள்ளை உதைக்கிறது. வயிற்றைத் தொடப் போன கை பாதியில் நிற்கிறது. பன்னிரண்டுதான் எண்ணியிருக்கிறாள்.