பொய் சொல்லாத மீட்டர்

"நாலு பேரு செத்துட்டாங்க அண்ணாச்சி. இன்னும் ரெண்டு பேருதான் பாக்கி."

அருணாசலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைக்குள் வந்தவர், கையிலிருந்த பாட்டிலை மேசைமேல் வைத்தார். பாட்டிலில் லேசாகக் கலங்கிய தண்ணீர்.

"யாரு வே செத்தது?"

"மீனு. வீட்டுத் தொட்டியில வளத்தது. இது அந்தத் தண்ணிதான்."

அருணாசலம் மூச்சு விட்டார். திருநெல்வேலி ஜங்ஷனில், பள்ளிக்கூட ஆய்வகங்களுக்குச் சாமான் விற்கும் கடை அவருடையது. மீனுக்காக அங்கே யாரும் வந்ததில்லை.

"ஆத்துத் தண்ணிதான ஊத்துதீரு? தாமிரபரணியில மீனு சாகுமா வே? மனுசனே நூறு வயசு இருப்பான்."

வந்தவர் சிரிக்கவில்லை. வன்னியராஜ் என்று பெயரைச் சொல்லிக்கொண்டார். "மீனு எம்மவளோடது. அம்பாசமுத்திரத்துக்குச் சித்தி வீட்டுக்குப் போயிருக்கா. தண்ணிய மட்டும் தினம் சோதிச்சுப் பாருங்கப்பான்னு எங்கிட்ட ஒப்படைச்சிட்டுப் போனா. நாளைக்குக் காலையில வந்துருவா. மிச்சமிருக்க ரெண்டு மீனாவது உசிரோட இருக்கணும்."

அருணாசலம் தீப்பெட்டி அளவில் ஒரு காகிதப் புத்தகத்தை எடுத்துப் போட்டார். "ஒரு தாளக் கிழிச்சுத் தண்ணியில முக்கும். என்ன நிறம் வருதோ அத அட்டையோட ஒத்துப்பாரும். விலையும் கம்மி."

"அது வீட்ல இருக்கு. வேண்டாம். நம்பர் காட்டுற மாதிரி வேணும்."

தண்ணீரின் புளிப்பை எண்ணில் காட்டும் டிஜிட்டல் பி.எச். மீட்டர் இரண்டு இருந்தன. ஒன்று தடித்த பேனா மாதிரி. இன்னொன்று, வயரில் கண்ணாடிக் குச்சி தொங்கும் பெட்டி.

"இதுல எது பொய் சொல்லாது?"

"நாம சொல்லிக்குடுக்கதத்தான் ரெண்டும் சொல்லும். பெட்டியக் காலேஜ்லதான் வாங்குவாங்க. ஒரு தொட்டிக்கு அது எதுக்கு? பேனாவே போதும்."

வன்னியராஜ் சுவரைப் பார்த்தார். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "உங்க கடிகாரம் ரெண்டு நிமிசம் பிந்தி ஓடுது."

"ரெண்டு நிமிசத்துல என்ன வே குடி முழுகிரும்? இங்கன பாரும்." அருணாசலம் இரண்டு சின்ன பாட்டில்களை எடுத்து வைத்தார். இரண்டிலும் ஒரே மாதிரி தெளிந்த நீர். "மீட்டருக்கு முதல்ல கணக்குச் சொல்லிக்குடுக்கணும். பச்சை மூடி ஏழு. அதுல முக்கி, ஏழு வர்ற வரைக்கும் இந்தத் திருகத் திருப்பும். சிவப்பு மூடி நாலு. அதுல முக்கினா நாலு காட்டுதான்னு சரிபாத்துக்கிடும். மாத்தி முக்கினீருன்னா மீட்டரும் பொய் சொல்லும்."

"குடுங்க, நானே செஞ்சு பாக்கேன்."

அவர் கை இரண்டு பாட்டில்களுக்கும் மேலே ஒரு கணம் தயங்கியது. ஒன்றைத் திறந்து மீட்டரை முக்கினார். நாலு என்று காட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டு, அதை ஏழுக்குக் கொண்டுபோகத் திருகைத் திருப்ப ஆரம்பித்தார்.

"அது சிவப்பு வே!" அருணாசலம் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

வன்னியராஜ் மீட்டரைக் கீழே வைத்தார். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"போன வருசம் நெஞ்சுச்சளிக்கு மாசக்கணக்குல மாத்திரை தின்னேன். அதுல இருந்து சிவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணுபோலத்தான் தெரியுது. வீட்ல சொல்லல. நீங்களும் யார்ட்டயும் சொல்லிராதீங்க."

அருணாசலம் இரண்டு துண்டுக் காகிதத்தில் ஏழு என்றும் நாலு என்றும் பெரிதாக எழுதிப் பாட்டில்களில் ஒட்டினார். மீட்டரைச் சரிசெய்து, தொட்டித் தண்ணீரில் முக்கினார். எண் இறங்கி இறங்கி ஐந்தில் வந்து நின்றது.

"ஏழு இருக்கணும். புளிச்சுப் போச்சு வே. வீட்ல முக்கின தாளு ஆரஞ்சு நிறத்துல இருந்திருக்கும்."

"நான் பச்சைன்னு நெனச்சேன். நல்ல தண்ணின்னு விட்டுட்டேன். நாலும் என்னாலதான் போச்சு."

"பெரியாஸ்பத்திரியில கண்ணக் காட்டக் கூடாதா?"

"காட்டினா சீட்டுல எழுதிருவாங்க."

"எழுதினா எழுதிட்டுப் போறாங்க! இதெல்லாம் ஒரு வியாதியா? நிறம் தெரியாம ஊருக்குள்ள ஆயிரம் பேரு இருக்கான். அதனால யாருக்கு என்ன நட்டம்? இந்த மீனுக்குத்தான்."

வன்னியராஜ் மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேனா மீட்டரையே எடுத்துக்கொண்டார். அருணாசலம் இரண்டு பாட்டில்களையும் சேர்த்துத் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

"கேட்டுக்கிடும். எல்லாத் தண்ணியையும் ஒரேயடியா மாத்திராதேயும். அந்த ரெண்டும் தாங்காது. கால்வாசி எடுத்துட்டுப் புதுசு ஊத்தும். ரெண்டு மணி நேரம் பொறுத்து நம்பரப் பாத்துட்டு இன்னொரு கால்வாசி. பைய பைய செய்யணும். ராத்திரி பூரா தொட்டிகிட்டயே இருந்தீருன்னா காலையில மக வரும்போது மீனு நீந்தும்."

வாசல் வரை போன வன்னியராஜ் திரும்பினார். தெருவில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

"முத கால்வாசிய மாத்திட்டு, மிச்சத்த வீட்லதான் பாக்கச் சொல்லணும் அண்ணாச்சி. இன்னிக்கு ராத்திரி செங்கோட்டை ரயில நான்தான் ஓட்டணும்."