தாரணிக்கு ஒரு பேஷண்ட்

பல் மருத்துவம் கடைசி வருடம் படிக்கும் தாரணி, மலேசியாவின் ஜாசினில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்தே சிரித்த முகமாக வீட்டுக்கு வந்தாள்.

"அம்மா, அந்தக் கவலை விட்டுச்சு லா. பல்லே இல்லாத ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து, என் கையால முழுப் பல்செட் செஞ்சு காட்டினாத்தான் பாஸுன்னு சொன்னேன்ல? இனிமே அது வேணாமாம். பழங்காலத்துப் பாடமாம், எடுத்துட்டாங்க."

அம்மா பெரியநாயகி அடுப்பை அணைத்தாள். "எப்ப எடுத்தாங்க?"

"போன வாரந்தான். பாவம் அப்பா, எனக்காக ஊரெல்லாம் ஆள் தேடினாரு. ஒருத்தர் கெடச்சிட்டாருன்னு போன்ல சொன்னீங்களே, யாரும்மா அது? நானே போய் வேணாம்னு சொல்லிடறேன்."

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரே எடத்துல எல்லாத்தையும் பிடுங்க மாட்டோம்னுட்டாங்க. வலிக்குதுன்னு பொய் சொல்லி, ஒவ்வொரு கிளினிக்கா ஏறி எறங்கினாரு. ஒரு பல்லுகூட ஆடலடி, எல்லாம் நல்ல பல்லு."

தாரணிக்குப் புரிவதற்குள் அப்பா பரமேஸ்வரன் உள்ளே வந்துவிட்டார். வாயை மூடியிருந்த துண்டை எடுத்தார். கன்னம் இரண்டும் குழி விழுந்திருந்தன.

"புண்ணு நல்லா ஆறிடுச்சும்மா," என்றார் குழறலாக, பெருமையாக. "பரீட்சை எப்ப?"

தாரணி அம்மாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த மாசம்ப்பா. நல்லவேளை, நீங்க இருக்கீங்க."