இரங்கல் உரையில் ஒரு பிழை

அப்பாவின் பெரிய படத்துக்கு முன்னால் நின்று மகன் தொண்டையைச் செருமினான். "எங்க அப்பா கணக்காளர். ஆனா அவருக்கு உயிரே குடும்பம்தான். எங்களுக்குக் காய்ச்சல்னா ராத்திரி பூரா கண் மூட மாட்டார்."

"தப்பு," என்றது முதல் வரிசையிலிருந்து ஒரு குரல். "முழிச்சிருந்தது உங்க அம்மாதான்."

மகன் கையிலிருந்த தாளில் அந்த வரியை அடித்துவிட்டுத் தொடர்ந்தான். "யாருக்கும் ஒரு தொந்தரவும் கொடுத்ததில்ல..."

விசும்பிக்கொண்டிருந்த அம்மா விருட்டென்று எழுந்தாள். "அதையும் அடிடா! செத்தப்புறம் பேசப்போறதுக்கு இப்பவே ஒத்திகை வச்சு, லீவு நாளும் அதுவுமா எல்லார் பிராணனையும் வாங்குறாரே!"

"சரிபார்க்காம எதையும் நான் வெளிய விட்டதில்லையே," என்றார் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா. "சரி, மறுபடி முதல்லேர்ந்து வாசி. அப்புறம், உங்க அம்மா அழறது போதல."

"இன்னொரு ஒத்திகை வைங்க," என்றாள் அம்மா. "தானா வரும்!"