பிள்ளைகளுக்குத் தெரியாத மொழி

"ஒரே ஒரு பிள்ளை சேர்ந்தாக்கூடப் போதும், இலேனியா. நாளைக்குள்ள யாரும் வரலைன்னா வகுப்பை இழுத்து மூடிடுவாங்க" என்றாள் பாவோலா.

இத்தாலியக் கடலோர ஊரான அல்கெரோவின் பழைய நகரத்தில் அந்தத் தெருவின் எல்லாப் படிகளையும் அவள் ஏறி இறங்கியாயிற்று. இதுதான் கடைசி வீடு. பள்ளி விட்டபின் ஒரு மணி நேரம், ஊரின் பழைய மொழியான காட்டலானைக் காசில்லாமல் சொல்லித் தருகிறேன் என்று ஒரு வருடமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கூப்பிடுகிறாள். இதுவரை அவள் பாடம் நடத்தியது நாற்காலிகளுக்குத்தான்.

இலேனியாவுக்கும் வருத்தம்தான். "எங்க தப்புதான். பிள்ளைங்ககிட்ட இத்தாலியன்லயே பேசிப் பழகிட்டோம். இவளுக்கு ஒரு வார்த்தை தெரியாது. வகுப்புக்குப் போன்னாலும் மாட்டேங்கிறா."

ஒன்பது வயது நோயெமி கணக்கு நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

அந்த நேரம் பார்த்து அவளுடைய அப்பா கவீனோ படகுத்துறையிலிருந்து வந்தான். இலேனியா சட்டென்று காட்டலானுக்குத் தாவினாள். பாதாம் மிட்டாயை மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறாளாம், இந்த வாண்டின் கண்ணில் படக் கூடாதாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட அவன் அக்கா வருகிறாளாம், என்ன சாக்குச் சொல்லித் தப்பிக்கலாமாம். மளமளவென்று கொட்டினாள்.

அந்தத் தெருவில் பெற்றவர்கள் ரகசியம் பேசுவதற்கென்றே வைத்திருந்த மொழி அது. இவ்வளவு அழகாகப் பேசுகிறார்கள், பெற்ற பிள்ளைக்கு மட்டும் கிடையாது. பெயர் எழுதாத பதிவேட்டை மூடிக்கொண்டு பாவோலா எழுந்தாள். கீழ்வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வரும்படி நோயெமியிடம் அம்மா இத்தாலியனில் சொன்னாள்.

படியிறங்கும்போது பாவோலா தன்பாட்டுக்குக் காட்டலானில் புலம்பினாள். "இந்தத் தெருவுல இந்தப் பேச்சு இவங்களோட செத்துடும் போல."

"அதெல்லாம் சாகாது டீச்சர். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, அம்மா காதுல விழுந்திடும்."

சொன்னது நோயெமி. அதே காட்டலான், அம்மாவின் அதே இழுவை.

பாவோலா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "பிறகு ஏம்மா வகுப்புக்கு வரமாட்டேங்கிற?"

"வந்தா எங்களுக்குப் புரியும்னு இவங்களுக்குத் தெரிஞ்சிடுமே. அப்புறம் மிட்டாய் எங்க இருக்குன்னு யாரு சொல்லுவா? நாங்க விளையாடுறப்போ இதுலதான் பேசிக்குவோம். யாரும் வகுப்புல சேரக் கூடாதுன்னு தெருவுல பதினாலு பேரும் சத்தியம் பண்ணியிருக்கோம்."

மறுநாள், வகுப்பை மூடச் சொல்லும் தாளில் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தச் சத்தியத்தில் பதினைந்தாவது ஆளாகச் சேர்ந்துகொண்டாள் பாவோலா.