கோரிக்கை வந்ததும் சாகும் மைக்

“பக்கிரியண்ணே, நீங்க தொரையோட ஆளுன்னு ஒத்துக்கிட்டுப் போயிருங்க. இல்லன்னா ஒங்க மைக் செட்டை ஆத்துல தள்ளிருவோம் லா!”

கோயில் வாசலில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்த பக்கிரிசாமியைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயமே சூழ்ந்துகொண்டது. முன்னால் நின்று கத்தியவள் சரோஜா. தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். மலைக்கு இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். அவளுக்கு மைக்கே தேவையில்லை.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. வருசா வருசம் மாரியம்மன் திருவிழாவுக்குத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை வருவார். தோட்டத் தொழிலாளர் தலைவர் சாம்பசிவம் மேடையில் முழங்குவார். அம்மன் அருள், தமிழின் பெருமை, துரையின் பெரிய மனசு எல்லாம் கணீரென்று கேட்கும். “இப்போது துரை அவர்களுக்கு ஒரு கோரிக்கை…” என்றதும் மைக் செத்துவிடும். துரை கைதட்டிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விடுவார். லயத்துக் கூரை ஒழுகிக்கொண்டே இருக்கும்.

“கைப்புள்ளைக்கு மேல கொடையை விரிச்சு வெச்சுட்டுத் தூங்குறேன்ணே. ஒங்களுக்கு மனசாட்சியே இல்லியா?”

“குளுருக்கு மைக் பொட்டி பேட்டரி செத்துப் போவுதும்மா. நான் என்ன பண்ண?” என்றார் பக்கிரிசாமி, வயரைப் பார்த்தபடி.

“கோரிக்கைன்னு சொன்னாத்தான் அதுக்குக் குளுருமா?”

கூட்டம் சிரித்தது. அந்த நேரம் பார்த்துத் தலைவர் சாம்பசிவம் ஜரிகை வேட்டியோடு வந்தார்.

“இவனால என் மானமே போவுது! வருசா வருசம் என் வாயை அடைச்சிடறான். இன்னிக்கும் மைக் செத்துச்சுன்னா, அடுத்த வருசம் வேற செட்டுதான்!”

பக்கிரிசாமியை ஒரு முறை முறைத்துவிட்டு, துரையை அழைத்துவரக் காரில் கிளம்பிவிட்டார்.

சரோஜாவின் தம்பி தங்கராஜு தானா ராத்தா டவுனில் ரேடியோ ரிப்பேர் செய்கிறவன். மைக் பெட்டியைத் திறந்து பார்த்தான்.

“அண்ணே, ஆம்பிளிபையருக்கு எங்கேருந்து கரண்டு?”

“ரெண்டு லோரி பேட்டரி தம்பி. இருவத்து நாலு வோல்ட்டு.”

“அது நாள் பூரா பாடுது. மைக் பொட்டிக்கு மட்டும் எதுக்குத் தனியா இந்தச் சுண்டைக்கா பேட்டரி? அதுலேருந்தே இதுக்கும் எடுத்துக்கலாமே.”

“இது ஒம்போது வோல்ட்டுப் பொட்டி. இருவத்து நாலைக் குடுத்தா வெந்துரும்.”

“அப்படியே குடுத்தாத்தானே வேகும்? நடுவுல ஒரு ரெசிஸ்டர், ஒரு டயோடு. மிச்ச வோல்ட்டை அதுங்க தின்னு சூடாயிக்கும். ஒம்போது மட்டுந்தான் உள்ள போகும்.”

“தலைவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு…” என்று இழுத்தார் பக்கிரிசாமி.

“அவருக்குச் சந்தோசமாத்தான் இருக்கும். நகருங்கண்ணே!”

தங்கராஜு இரண்டையும் வயரோடு பற்றவைத்து முடித்தான். சின்னப் பேட்டரியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டான்.

“இனிமே ஆம்பிளிபையர் பாடுற வரைக்கும் மைக்கும் சாகாது.”

சரோஜா மேடைக்குக் கீழே இருந்த ஆம்பிளிபையர் பக்கத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவளைத் தாண்டி அதன் சுவிட்சைத் தொட யாருக்குத் தைரியம்?

சாயங்காலம் பனி இறங்கியது. துரை மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தார். மேடையில் மைக் பெட்டியோடு பக்கிரிசாமி. தலைவர் கையில் மைக். அம்மன் அருள் முடிந்தது, தமிழின் பெருமை முடிந்தது, துரையின் பெரிய மனசும் முடிந்தது.

“இப்போது துரை அவர்களுக்கு ஒரு கோரிக்கை…”

நிறுத்தினார். மைக் சாகவில்லை.

தொண்டையைக் கனைத்தார். கனைப்பு நாலு ஒலிபெருக்கியிலும் அழகாகக் கேட்டது.

“அதாவது… கோரிக்கை…”

நல்ல தமிழ் தெரிந்த துரை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கோரிக்கை என்னவென்றால்… துரை அவர்கள் இன்னொரு வடை சாப்பிட வேண்டும்!”

“கூரையைச் சொல்லுங்க தலைவரே!” சரோஜாவின் குரல் மைக் இல்லாமலே வந்தது.

அந்தக் குளிரிலும் தலைவருக்கு வேர்த்தது. திரும்பிப் பார்த்தார். பக்கிரிசாமி வெறுங்கை இரண்டையும் விரித்துக் காட்டினார்.

தலைவர் அவர் பக்கம் குனிந்து ரகசியமாகச் சொன்னார். கையிலிருந்த மைக்கும் வாயோடு சேர்ந்தே குனிந்ததால், மலை முழுக்க அது கேட்டது.

“டேய் பக்கிரி, நான் கூரைன்னு சொல்லித் தொலைக்கிறதுக்குள்ள, எப்பவும் போலப் பேட்டரியைப் புடுங்கேண்டா!”